சளிப்பூஞ்சையின் செல் சுழற்சியில் மரபணு வெளிப்பாடு எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது?

வேலூரில் தாவரவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டுள்ள இக்கேள்விக்கு, பைசாரம் பாலிசெபாலம் என்ற சளிப்பூஞ்சையே மிகச் சிறந்த சான்று. அதன் ஒற்றைப் பெருஞ்செல்லான பிளாஸ்மோடியத்தில், இடையே தடுப்பேதுமின்றி ஒரே சைட்டோபிளாசத்தில் இருக்கும் எண்ணற்ற உட்கருக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பகுப்படைவதால், எந்த மரபணு எப்போது செயல்படுகிறது என்பதை, செல்களை ஒரே கட்டத்துக்குக் கொண்டுவர மருந்துகளால் சுழற்சியைக் குலைக்காமலே அறியலாம்.

இங்கு, உட்கருப் பகுப்புக்கும் டி.என்.ஏ. இரட்டிப்புக்கும் இடைப்பட்ட ஜி1 கட்டம் இல்லை. மைட்டாசிஸ் (உட்கருப் பகுப்பு) முடிந்தவுடன் டி.என்.ஏ. இரட்டிப்பு தொடங்கிச் சுமார் 3 மணி நேரம் நீடிக்கிறது. பகுப்பின்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர் இழைகளுக்குத் தேவையான டியூபுலின் என்ற புரதத்தின் தூது ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் நகல்), இரட்டிப்புக்கும் அடுத்த மைட்டாசிஸுக்கும் இடைப்பட்ட ஜி2 கட்டத்தின் பிற்பகுதியில் பெருகி, மைட்டாசிஸின்போது உச்சமடைந்து, பின்னர் விரைவாகச் சிதைக்கப்படுகிறது. ஆகவே படியெடுத்தலை (மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. உருவாவதை) கூட்டுவது மட்டுமன்றி, தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுளைக் குறைப்பதும் கட்டுப்பாடே. இந்த இரண்டாவது வழியை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் கருத்து.