கறுப்பு பீரும் சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 54. சேலத்தில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் உண்டு. குடிப்பழக்கம் இல்லை, விசேஷங்களில் எப்போதாவது பீர் மட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை ‘இம்பீரியல் ஸ்டவுட்’ என்னும் கறுப்பு பீர் கொண்டுவந்திருக்கிறார், 330 மி.லி. பாட்டில், 11 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கிறது. பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காட்டில் தங்கும்போது அதைத் திறக்க எண்ணம். கசப்பாக இருப்பதால் இதில் சர்க்கரை ஏறாது, மலைக் குளிருக்கு நல்லது, கறுப்பு நிறமே இரும்புச் சத்துதான், ரத்த சோகை உள்ள என் மனைவிக்கும் ஒரு டம்ளர் கொடுக்கலாம் என்கிறார் நண்பர். நான் ருசி பார்க்கலாமா?

பதில்: உங்கள் சிறுநீரகமும் கல்லீரலும் நல்ல நிலையில் இருந்தால், இரண்டு மூன்று மடக்கு ருசி பார்ப்பதை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பாட்டிலை நீங்கள் ஒருவரே முடிக்கக் கூடாது. அதிலும் இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, குடித்த கையோடு படுக்கக் கூடவே கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனைகளைச் சமீபத்தில் செய்துகொண்டதாக நீங்கள் எழுதவில்லை. மலையேறும் முன் அவற்றைச் செய்து உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் மெட்ஃபார்மினும் மதுவும் சேர்ந்து ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கும் ஆபத்து உண்டு என்பதால், அப்போது என் பதில் ஒரு சொட்டும் வேண்டாம் என்பதே.

பீர் என்ற பெயரும் பாட்டிலின் சிறிய அளவும் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் பீர் ஆலைகள் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேதரினின் அரசவைக்கு அனுப்பிவந்த கனத்த கறுப்பு பீரின் வழிவந்தது இது. 11 சதவீதம் என்றால் 330 மி.லி. பாட்டிலில் ஏறத்தாழ 29 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீதமுள்ள சாதாரண பீரின் 650 மி.லி. பெரிய பாட்டிலில் இருப்பதோ சுமார் 26 கிராம்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அந்தச் சின்னப் பாட்டில் அரைக் குவார்ட்டர் பிராந்திக்குச் சமம். நிறத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் கறுப்பு நிறம் ஆல்கஹாலிலிருந்து வருவதன்று, கருக வறுத்த பார்லியிலிருந்து வருவது. 1817இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் காப்புரிமை பெற்ற வறுக்கும் உருளைக்குப் பிறகு, மொத்தத் தானியத்தில் சிறு பங்கை மட்டும் அப்படி வறுத்துச் சேர்த்தாலே முழு பீரும் கறுத்துவிடும் என்றாயிற்று. அதனால்தான் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும் ‘கின்னஸ்’ என்னும் அயர்லாந்து பீரும் கறுப்பாக இருக்கிறது, உங்கள் 11 சதவீத ஸ்டவுட்டும் கறுப்பாக இருக்கிறது. படிக்க வேண்டியது லேபிளில் உள்ள சதவீதத்தையும் மி.லி. அளவையும் மட்டுமே.

கசப்பாக இருப்பதால் சர்க்கரை ஏறாது என்பதும் சரியன்று. இவ்வகை பீரில் ஈஸ்ட் தின்று தீர்க்காத மாவுச்சத்தும் மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் சர்க்கரையும் கணிசமாகத் தங்கிவிடுகின்றன. வறுத்த தானியத்தின் கசப்பும் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் அந்த இனிப்பை மறைக்கின்றன, அவ்வளவுதான். ஒரு பாட்டிலில் ஏறத்தாழ 300 கலோரி சேரும். ஆகவே குடித்த முதல் ஓரிரு மணி நேரத்தில் உங்கள் சர்க்கரை ஏறவே செய்யும், ஆனால் நான் அஞ்சுவது அந்த ஏற்றத்தை அன்று, அதற்குப் பின் வரும் இறக்கத்தை.

நாம் சாப்பிடாமல் உறங்கும் நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரையைத் தயாரித்து அனுப்புவது கல்லீரல். ஆல்கஹாலை எரிப்பதில் இறங்கிவிட்ட கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் என்ற வேகத்தில்தான் அது ஆல்கஹாலை அகற்ற முடியும் என்பதால், ஒரு முழுப் பாட்டிலுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், அதன் தாக்கம் அதற்குப் பிறகும் நீடிக்கும். உங்கள் மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடோ சர்க்கரை இறங்கினாலும் நிற்காமல் கணையத்திடமிருந்து இன்சுலினைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சேரும்போது விடியற்காலை இரண்டு மூன்று மணிக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியலாம். நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம் ஆகியவற்றைப் பார்க்கும் வீட்டார் ‘போதை, தூங்கட்டும்’ என்று போர்வையை இழுத்து மூடிவிடுவார்கள். இதில் மிகக் கொடியது இதுதான். ஏற்காட்டின் ஜனவரி இரவில், கம்பளிக்குள் படுத்திருப்பவரின் கழுத்தும் பனியனும் சில்லென்ற வியர்வையில் நனைந்திருந்தால் அது போதையன்று, சர்க்கரை இறக்கம் என்று உங்கள் மனைவிக்கும் மாப்பிள்ளைக்கும் முன்பே சொல்லிவையுங்கள். நினைவு இருந்தால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும்.

ஆகவே ருசி பார்ப்பதாக இருந்தால், ஒருமுறை மட்டும், 60 மி.லி. அளவோடு நிறுத்துங்கள்; அதில் ஐந்து கிராம் ஆல்கஹால்தான் இருக்கும். அதற்கு மேல் குடிப்பதால் புதிதாக ஒரு சுவையும் கிடைத்துவிடாது, ஏனெனில் இந்த பீரை அறிந்தவர்கள் இதை வாய் குறுகிய சிறு கோப்பையில், ஃப்ரிட்ஜின் கடுங்குளிர் தணிந்த பிறகு, மணத்துக்காகவே குடிக்கிறார்கள். சேர்வராயன் மலைக் காபிக் கொட்டையை வறுக்கும் மணம் உங்களுக்குப் பழக்கமானது; அதே கருகல் மணமும், அதோடு கசப்புச் சாக்லேட், உலர்திராட்சை, வெல்லப்பாகு போன்ற வாசனைகளும் முதல் மடக்கிலேயே வந்துவிடும், பின்பு தொண்டையில் சிறு சூடு இறங்கும். மாப்பிள்ளை மனம் கோணாமல் இருக்க அவ்வளவு போதும். அதையும் வெறும் வயிற்றில் அல்லாமல், வழக்கமான இரவு உணவோடு வைத்துக்கொள்ளுங்கள். தட்டுவடை செட்டைக் கொறித்துவிட்டு அதையே சாப்பாடாகக் கணக்கில் வைக்காதீர்கள். பீருக்கு ஈடுகட்ட மாத்திரையைக் கூட்டுவதும், மது என்பதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்துவதும் வேண்டாம். படுக்கும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், 180 என்று காட்டினாலும் அது பீரின் தற்காலிக ஏற்றமாக இருக்கலாம் என்பதால் நிம்மதியாகிவிடாதீர்கள்.

மலைக் குளிருக்கு இதம் என்ற பேச்சுக்கு வருவோம். மது தோலடி ரத்தக் குழாய்களை விரிப்பதால் உடம்பு சூடாவது போலத் தோன்றுமே தவிர, உண்மையில் உள்வெப்பம் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். டெல்மிசார்ட்டனும் சேர்ந்திருப்பதால் திடீரென எழுந்தால் தலை சுற்றலாம், இரவில் கழிவறைக்குப் போகும்போது கட்டிலில் சிறிது உட்கார்ந்து எழுங்கள். குடித்தவர் எவரும் அன்று காரைத் தொட வேண்டாம். சேலத்திலிருந்து ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கணத் தடுமாற்றத்துக்கும் இடமில்லை. இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள்: பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துவிட்டது; மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. நான் 60 மி.லி.க்குச் சம்மதிப்பது ஆபத்து குறைவு என்பதால்தான், நன்மை உண்டு என்பதால் அன்று.

உங்கள் மனைவிக்கு அந்த டம்ளர் வேண்டாம். கறுப்பு பீரில் இரும்பு இருக்கிறது என்ற நம்பிக்கைக்குப் பிரிட்டனில் 1929 முதல் வந்த ‘கின்னஸ் உங்களுக்கு நல்லது’ போன்ற விளம்பரங்கள் துணைநின்றன. உண்மையில் பீரில் உள்ள இரும்பு பொதுவாக லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது, அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் ஒரு மாத்திரையிலோ 60 மில்லிகிராம் இருக்கிறது. அவருக்கு ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்து, அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், குடல் புண் என எங்கிருந்து ரத்தம் இழக்கிறார் என்பதைக் கண்டறிய வேண்டும். இரும்பு மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லை என்றால், அதைக் காலைக் காபியோடு சேர்த்து விழுங்குகிறாரா என்று கேளுங்கள். காபியும் டீயும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால், மாத்திரைக்கும் அவற்றுக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும்.