புட்சார் எழுதிய புள்ளி திரைக்கு ஏன் உடனே வருவதில்லை?

கேள்வி: லினக்ஸில் சி நிரல் ஒன்று எழுதியிருக்கிறேன். வேலை நடந்துகொண்டிருப்பதைக் காட்ட ஓர் எழுத்தை வெளியிடும் புட்சார் என்னும் செயற்கூற்றின் மூலம் வினாடிக்கு ஒரு புள்ளியை எழுதி, இடையில் நிரலைக் காத்திருக்க வைக்கும் ஸ்லீப்பை அழைக்கிறேன். பத்து வினாடிகள் திரை வெறுமையாக இருக்கிறது. முடிவில் பத்துப் புள்ளிகளும் ஒன்றாக வந்து விழுகின்றன. புட்சார் பிழை எதையும் தெரிவிக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் தர்க்கத்தில் தவறில்லை. புட்சார் நேரடியாகத் திரைக்கு எழுதுவதில்லை; கொடுத்த எழுத்தை ஒரு பைட்டாக எஸ்டிடி-அவுட் என்னும் வழக்கமான வெளியீட்டு ஸ்ட்ரீமின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது, பொதுவாக வரிமுடிவுக் குறி வந்தாலோ பஃபர் நிரம்பினாலோ நிரல் முறையாக முடிந்தாலோதான் சேர்ந்தவை இயங்குதளத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. உங்கள் புள்ளிகளுக்கு நடுவே வரிமுடிவு இல்லாததால் அவை கடைசிவரை பஃபரிலேயே கிடந்தன. நடுவில் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தவறான நினைவக அணுகலால் திடீரென நின்றுபோவதில்) விழுந்திருந்தால் ஒரு புள்ளியும் வந்திராது. இதனால்தான், பிழை எந்த வரியில் என்று தேடுகிறவர்கள் புட்சாரின் வெளியீட்டை நம்பித் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடி-அவுட்) என்று அழைத்து பஃபரைக் காலிசெய்தால் சிக்கல் தீரும். ஆனால் முன்னேற்றக் குறிகளை எஃப்புட்சி('.', எஸ்டிடி-எர்) என்று பிழை ஸ்ட்ரீமுக்கு அனுப்புவதே சரியான வழி என்பது என் கருத்து, அந்த ஸ்ட்ரீம் தொடக்கத்தில் முழுமையாக பஃபர் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்று சி தரநிலையே சொல்கிறது, தவிர பயனர் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினாலும் புள்ளிகள் தரவோடு கலக்காது. பஃபர் முறையை மாற்றும் செட்விபஃப் கொண்டு எஸ்டிடி-அவுட்டின் பஃபரையே நீக்கிவிட வேண்டாம்; ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிஸ்டம் கால் (இயங்குதளத்துக்கான அழைப்பு) நடந்து, பெரிய வெளியீடு மிகவும் மெதுவாகிவிடும்.

பிழை தெரியவில்லை என்றீர்களே, அதுதான் இதில் அதிகம் கவனிக்க வேண்டியது. புட்சார் வெற்றி பெற்றால் எழுதிய எழுத்தையும், தோற்றால் ஈஓஎஃப் என்னும் தோல்விக் குறி மதிப்பையும் இன்ட்டாக (முழு எண்ணாக) திருப்பித் தருகிறது. (அதைச் சார் மாறியில் வாங்கினால், பல கணினிகளில் 255 என்ற பைட்டும் ஈஓஎஃப்பும் ஒன்றாகிவிடும்.) ஆனால் பஃபரில் இடம் இருக்கும்வரை அது வெற்றி என்றே சொல்லும், வட்டில் இடமில்லை என்பது பஃபர் காலியாகும்போதுதான் தெரியவரும். லினக்ஸில் இதை நேரில் பார்க்கலாம்: டெவ் அடைவில் உள்ள ஃபுல் என்னும் சாதனக் கோப்பு, எதை எழுதினாலும் இடமில்லை என்றே மறுக்கும். ஒரே ஒரு புட்சார்('க்யூ') அழைப்பும் ரிட்டர்ன் 0 வும் கொண்ட நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்புங்கள். எழுத்து எங்கும் போய்ச் சேராது. ஆயினும் நிரல் வெற்றி என்று 0 மதிப்புடன் முடியும்.

ஆகவே மெயின் முடியும் முன் எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடி-அவுட்) அழைத்து, ஸ்ட்ரீமில் பிழை பதிந்திருக்கிறதா என்று உடனே ஃபெர்ரர்(எஸ்டிடி-அவுட்) மூலம் சோதியுங்கள். இடையில் எப்போதோ நேர்ந்த பிழையும் ஸ்ட்ரீமில் பதிந்தே இருக்கும் என்பதால், ஒவ்வொரு புட்சாரையும் தனித்தனியே சோதிக்கத் தேவையில்லை. பிழை இருந்தால், பிழைச் செய்தியை அச்சிடும் பெர்ரர் மூலம் அறிவித்து, தோல்வியைக் குறிக்கும் எக்ஸிட்-ஃபெயிலியர் மதிப்புடன் வெளியேறுங்கள். நீங்களே எஃப்ஓப்பன் செய்த கோப்பாக இருந்தால், அதை மூடும் எஃப்க்ளோஸ் தரும் மதிப்பையும் கட்டாயம் பாருங்கள்.