கணினி கேள்வி–பதில்: எஸ்எஸ்டியின் வேகத்தை அளப்பது எப்படி?

கேள்வி: ஐயா, நொடிக்கு 7,000 மெகாபைட் வேகத்தில் படிக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி என் லேப்டாப்பில் பொருத்தினேன். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளில் எத்தனை முறை சோதித்தாலும் 3,500-ஐத் தாண்ட மறுக்கிறது. எனக்குக் கிடைத்தது போலியா?

பதில்: இந்த ஓர் எண்ணை வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சொல்லப்போனால், உங்கள் டிரைவ் நல்ல நிலையில் இருப்பதையே இந்த எண் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. என்விஎம்இ வகை டிரைவ்கள் பெரும்பாலும் பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பின் நான்கு லேன்கள் (தகவல் செல்லும் தடங்கள்) வழியாகத் தகவலைக் கடத்துகின்றன. பிசிஐஇ 3.0 இணைப்பில் நான்கு லேன்களும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 3,940 மெகாபைட்டைத்தான் கடத்த முடியும். அதில் கட்டுப்பாட்டுத் தகவல்களுக்குப் போனது போக நமக்குக் கிடைப்பது 3,500-ஐ ஒட்டியே இருக்கும். பிசிஐஇ 4.0-இல் இந்த அளவு இரட்டிப்பாகும். உங்கள் லேப்டாப்பில் டிரைவைச் செருகும் எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0 வகையைச் சேர்ந்ததாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த டிரைவைப் பொருத்தினாலும் அந்த எல்லைக்குள்தான் அது இயங்கும்.

இதை ஊகமாக விட்டுவிடாமல் நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற துணை மென்பொருளைத் திறந்து, 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற வரியைப் பாருங்கள். அதில் நடுவே ஒரு கோடிட்டு இரண்டு மதிப்புகள் இருக்கும்: இடப்பக்கம் இருப்பது இப்போது கிடைத்துள்ள இணைப்பு, வலப்பக்கம் இருப்பது டிரைவால் இயன்ற உச்ச இணைப்பு. இடப்பக்கம் 'பிசிஐஇ 3.0 x4' என்றும் வலப்பக்கம் 'பிசிஐஇ 4.0 x4' என்றும் இருந்தால் குறை டிரைவில் இல்லை. இடப்பக்கம் 'x2' என்று இருந்தால் வேகம் பாதியாகிவிடும். சில மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும் என்பதால், டிரைவை முதல் ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எந்தச் சோதனையைத் தொடங்குவதற்கு முன்பும் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கின் முடிவில் நான்கு வரிசைகள் வருகின்றன. முதல் வரிசையில் ஆயிரக்கணக்கில் இருக்கும் எண், கடைசி வரிசையில் 60, 70 என்று சுருங்கிவிடுகிறது. எதை நம்புவது?

பதில்: நான்குமே உண்மைதான், ஆனால் நான்கும் நான்கு வேறுபட்ட வேலைகளை அளக்கின்றன. எந்த டிரைவின் முடிவைக் கையில் வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது கடைசி வரிசையைத்தான்.

முதல் வரிசை, ஒரு மெகாபைட் துண்டுகளை அடுத்தடுத்து, ஒரே நேரத்தில் எட்டுக் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி வைத்து அளப்பது. பெட்டியில் அச்சிடப்படுவது இத்தகைய எண்ணே. பெரிய காணொளிக் கோப்புகளை ஒரு வேகமான டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுபவர்களுக்கு இது பயன்படும். இரண்டாவது வரிசை அதே வேலையை ஒற்றைக் கோரிக்கையாகச் செய்வது. மூன்றாவது வரிசை 4 கிலோபைட் துண்டுகளை ஆங்காங்கே இருந்து, 32 கோரிக்கைகளைக் குவித்து எடுப்பது. தரவுத்தளம் இயக்கும் சர்வர்களுக்கு இது நெருக்கமானது, வீட்டுக் கணினியில் இத்தனை கோரிக்கைகள் ஒரே சமயத்தில் குவிவது அரிது.

கடைசி வரிசை, அதே 4 கிலோபைட் துண்டுகளை ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்ற முறையில் எடுப்பது. கணினி எழுவது, ஒரு மென்பொருள் திறப்பது, உலாவி தன் சிறு சிறு கோப்புகளைத் தேடுவது ஆகியவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே நொடிக்கு 60 மெகாபைட் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 15,000 முறை டிரைவ் பதில் சொல்லியிருக்கிறது, ஒவ்வொரு பதிலுக்கும் 70 மைக்ரோநொடிக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதையே நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி, தேவையான இடம் படிக்கும் தலைப்பகுதிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், தலைப்பகுதி நகர்வதற்கான நேரமும் அதனுடன் சேரும். ஆக, நொடிக்கு 80 முறை பதில் சொல்வதே அதற்குப் பெரும்பாடு. மெகாபைட் கணக்கில் அது 0.3 அளவுதான்.

இனி சாட்டா என்ற பழைய இணைப்பில் இயங்கும் எஸ்எஸ்டியை எடுத்துக்கொள்வோம். கடைசி வரிசையில் அது 30 முதல் 40 மெகாபைட் வரை காட்டும். அதாவது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறியபோது கிடைத்த பாய்ச்சல் நூறு மடங்கு. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது கிடைப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்டியில் இருக்கும் 550, 7,000 என்ற எண்களைப் பார்த்துப் பன்னிரண்டு மடங்கு வேகத்தை எதிர்பார்ப்பவர்கள், அன்றாட வேலையில் பெரிய வேறுபாடு தெரியவில்லையே என்று ஏமாற்றமடைவதன் காரணம் இதுவே. அதே மென்பொருளின் 'புரொஃபைல்' மெனுவில் 'ரியல் வேர்ல்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்ற தேர்வு இருக்கிறது. ஒற்றைக் கோரிக்கைச் சோதனைகளை மட்டும் அது நடத்தும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: பெரிய கோப்பு ஒன்றை எஸ்எஸ்டிக்குப் பதிவுசெய்யும்போது தொடக்கத்தில் வேகமாகப் போய், சிறிது நேரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை விடவும் தாழ்ந்துவிடுகிறது. வேகச் சோதனையிலோ எல்லாம் சரியாகவே இருக்கிறது. டிரைவ் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு செல்லில் மூன்று பிட் பதிக்கும் டிஎல்சி, நான்கு பிட் பதிக்கும் க்யூஎல்சி வகைகளில் எழுதுவது இயல்பாகவே மெதுவானது. அதை மறைக்கும் பொருட்டு, காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்ற வேகமான முறையில் தற்காலிகமாகப் பயன்படுத்துகிறார்கள். இதையே எஸ்எல்சி கேஷ் என்கிறோம். அது நிரம்பும் வரை உச்ச வேகம் கிடைக்கும். நிரம்பிய பின் டிரைவின் சொந்த வேகம் வெளிப்படும். மலிவான க்யூஎல்சி டிரைவ்களில் அது நொடிக்கு 100 மெகாபைட் அளவுக்கு இறங்குவதும் உண்டு. சோதனை மென்பொருள் இயல்பாக 1 ஜிபி கோப்பைத்தான் பயன்படுத்துகிறது; அது கேஷுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், நீங்கள் காணும் வீழ்ச்சி சோதனையின் கண்ணில் படுவதே இல்லை. சோதனை அளவை 64 ஜிபியாக உயர்த்தலாம். அதைவிட, 100 ஜிபிக்கு மேற்பட்ட உண்மையான கோப்புகளைப் பதிவுசெய்து, டாஸ்க் மேனேஜரில் வேகக்கோடு எந்த இடத்தில் சரிகிறது என்று கவனிப்பது இன்னும் நம்பகமானது. கோப்பு வரும் டிரைவும் வேகமானதாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

டிரைவ் நிரம்ப நிரம்ப, கேஷுக்குக் கிடைக்கும் இடமும் பெரும்பாலான மாடல்களில் சுருங்கும். எனவே காலி டிரைவில் ஒரு முறையும், முக்கால்வாசி நிரம்பியபின் ஒரு முறையும் அளந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

வெப்பத்தாலும் இதே போன்ற சரிவு வரும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். கேஷ் நிரம்பியதால் வந்த சரிவு எழுதுவதை மட்டும் பாதிக்கும். வெப்பத்தால் வந்தது படிப்பதையும் சேர்த்தே பாதிக்கும். என்விஎம்இ டிரைவ்கள் பலவும் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் அளவை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். சோதனை ஓடும்போதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த எல்லையைத் தொட்ட கணத்தில் வேகம் விழுந்தால், ஒரு ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகம்) பொருத்துவது பலன் தரும். வெப்பநிலை 50-இலேயே நின்றிருக்க வேகம் விழுந்தால் ஹீட்சிங்க் வாங்குவது வீண் செலவு.

கேள்வி: லினக்ஸில் டிடி கட்டளையால் ஒரு கோப்பைப் படித்துப் பார்த்தபோது, என் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 2 ஜிபிக்கு மேல் காட்டியது. இது நடக்கக்கூடியதா?

பதில்: நடக்காது. சாட்டா 3 இணைப்பின் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். 8 பிட் தகவலை அது 10 பிட்டாக்கி அனுப்புவதால், தகவலுக்குக் கிடைப்பது 600 மெகாபைட்டே. அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும் டிரைவிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. அண்மையில் பயன்படுத்திய கோப்பை லினக்ஸ் ரேமில் வைத்திருந்து அங்கிருந்தே கொடுத்துவிடுகிறது. நீங்கள் அளந்தது ரேமை. ஃபியோ என்ற சோதனைக் கருவியை நிறுவி, அதில் 'டைரக்ட்' என்ற அமைப்பை 1 என்று வைத்து ஓட்டுங்கள். அப்போது ரேம் குறுக்கிடாது.

கேள்வி: அடிக்கடி சோதித்தால் எஸ்எஸ்டியின் ஆயுள் குறையுமா?

பதில்: படிக்கும் சோதனையால் ஏற்படும் தேய்மானம் கணக்கில் கொள்ளத் தக்கதன்று, எழுதும் சோதனையால் குறையும், ஆனால் அஞ்சும் அளவுக்கு அன்று. சோதனைக் கோப்பு 1 ஜிபியே என்றாலும் அது திரும்பத் திரும்ப எழுதப்படுவதால், வேகமான டிரைவில் ஒரு முழுச் சோதனைக்கு 100 ஜிபிக்கு மேலும் எழுதப்படக்கூடும். 1 டிபி (டெராபைட்) டிஎல்சி டிரைவ்கள் பலவற்றுக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தரப்படுகிறது. 100 ஜிபி என்பது அதில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. சோதனைக்கு முன்னும் பின்னும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் 'டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்' எண்ணைக் குறித்துக்கொண்டால், உங்கள் டிரைவில் எவ்வளவு எழுதப்பட்டது என்பது துல்லியமாகத் தெரியும். டிரைவ் புதிதாக இருக்கும்போது ஒரு முறை அளந்து முடிவைப் படமாகச் சேமித்து வையுங்கள். பிறகு மந்தம் தெரியும்போது மட்டும் அதே அமைப்புகளுடன் மீண்டும் அளந்து ஒப்பிட்டால் போதும்.