டிஜே கிடைக்குமா? எட்டாம் வகுப்புப் பெற்றோரின் கேள்விகளும் என் பதில்களும்

செப்டம்பர் பிறந்தால் போதும், எங்கள் வடக்கு வர்ஜீனியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: டிஜே. அதாவது ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி நடத்தும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. என் மூத்த மகள் அங்கே படித்தாள். இளையவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு அனுபவமும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பல வருடங்களாகப் பெற்றோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் படித்த பழக்கமும்தான் என் தகுதி. இந்த வருடம் வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். மற்ற மாநிலங்களிலிருந்து வந்தவையும் சில உண்டு.

ஹெர்ண்டனிலிருந்து ஒரு அப்பா: அக்கா, மேக்னட் ஸ்கூல் என்றால் என்ன? அரசுப் பள்ளிதானே, பக்கத்துப் பள்ளி மாதிரி சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?

இங்கே அரசுப் பள்ளியை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. ஒரு தெரு தள்ளிப் போனால் பள்ளி மாறிவிடும். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் பிரிந்து கிடந்ததை மாற்ற, 1970களில் பல ஊர்களில் ஒரு வழி கண்டார்கள். ஒரு பள்ளியில் நல்ல சிறப்புப் பாடத்திட்டம் வைத்தால் எல்லை தாண்டியும் பிள்ளைகள் தாமாக வருவார்கள் என்பது எண்ணம். காந்தம்போல இழுப்பதால் அந்தப் பெயர். எல்லா மேக்னட் பள்ளியும் மதிப்பெண் பார்க்காது, குலுக்கல் போடுகிறவையும் நிறைய உண்டு. டிஜே 1985-ல் தொடங்கியது, மதிப்பெண் பார்த்துத்தான் எடுக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது.

சென்டர்வில்லிலிருந்து ஒரு அம்மா: மகளை டிஜே நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங்கில் போட்டிருக்கிறோம். இது போதுமா, இன்னொன்றும் சேர்க்கவா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். அப்படி ஒரு தேர்வே இப்போது இல்லை. 2020-ன் கடைசியில் பள்ளி வாரியம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டது. கூடவே 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் ஆசிரியர் சிபாரிசுக் கடிதமும் போயின. என் மகள் காலத்தில் கணக்கு, வாசிப்பு, அறிவியல் என்று மூன்று தேர்வு. அதைத் தாண்டினவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அந்தக் காலத்துப் பயிற்சித் தாள்களுக்கு அட்டையை மட்டும் மாற்றி இன்றும் விற்கிற இடங்கள் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் போன வருடம்கூட அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டிவிட்டு வந்தது.

இப்போது வேண்டியது இவ்வளவுதான். பங்கேற்கும் ஐந்து இடங்களில் (ஃபேர்ஃபாக்ஸ், லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன், ஃபால்ஸ் சர்ச்) ஒன்றில் குடியிருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் அலெக்ஸாண்ட்ரியா நகரம் இதில் இல்லை, வீடு தேடுகிறவர்கள் கவனியுங்கள். எட்டாம் வகுப்பிலாவது ‘அல்ஜீப்ரா ஒன்று’ (Algebra 1) என்ற இயற்கணிதப் பாடம் எடுத்திருக்க வேண்டும். ஹானர்ஸ் எனப்படும் கடினம் கூடிய பாடங்கள் சில வேண்டும். ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் பள்ளி மதிப்பெண் சராசரி, கடினப் பாடங்களுக்கான கூடுதல் மதிப்பைச் சேர்க்காமல் குறைந்தது 3.5. இவை வாசலைத் தாண்ட. உள்ளே போனபின் ஜிபிஏ, தன்னைப் பற்றிய சிறு பதில்கள், ஒரு கணக்கு அல்லது அறிவியல் சிக்கலை அவிழ்த்து எழுதும் கட்டுரை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். குறைந்த வருமானம், வீட்டில் ஆங்கிலம் இல்லாதது, சிறப்புக் கல்வி போன்ற சூழ்நிலைகளுக்கும் கணக்கில் இடம் உண்டு. ஒலிம்பியாட் சான்றிதழ், ஸ்பெல்லிங் பீ கோப்பை எதையும் இணைக்க முடியாது. கோச்சிங்கை நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் டிஜே தேர்வுக்காக என்றால் வேண்டாம்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: ஒவ்வொரு மிடில் ஸ்கூலுக்கும் (நடுநிலைப் பள்ளி) 1.5 சதவீத இடமாமே? அப்படியானால் போட்டி குறைந்த பள்ளிக்கு மாற்றினால் நல்லதுதானே?

இந்தக் கேள்வியைச் சிலர் மெதுவான குரலில் கேட்பார்கள், நீங்கள் நேராகவே கேட்டுவிட்டீர்கள்!

கணக்கு இதுதான். ஒவ்வொரு அரசு மிடில் ஸ்கூலுக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் முதலில் ஒதுக்குகிறார்கள். அறுநூறு பேர் இருந்தால் ஒன்பது இடம். அந்தப் பள்ளியில் விண்ணப்பித்தவர்களில் முன்னால் நிற்பவர்களுக்கு அது போகும். மொத்தம் சுமார் 550 இடத்தில், இப்படிக் கொடுத்ததுபோக மிஞ்சும் நூறு சொச்சம் எல்லோருக்கும் பொது. தனியார் பள்ளி, வீட்டுவழிக் கல்விப் பிள்ளைகள் அந்தப் பொதுவில்தான் போட்டியிட வேண்டும்.

பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறதோ அந்தப் பள்ளிக் கணக்கில்தான் சேரும், வீட்டுக்குரிய பள்ளி அல்ல. அதனால்தான் நம்மவர்கள் குவிந்திருக்கும் கார்சன் போன்ற பள்ளிகளில் நெருக்கடி. போட்டி குறைந்த இடத்தில் வாய்ப்பு கூடும் என்பது காகிதத்தில் உண்மை. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நண்பர்களிடமிருந்து பிடுங்கி, ஒரு வருடத்துக்காக வீடு மாற்றி, அப்புறம் கிடைக்காமலும் போனால்? அப்படிப் போன ஒரு குடும்பத்தைத் தெரியும். பையனுக்கு இடம் கிடைத்தது, ஆனால் அந்த ஒரு வருடம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா இன்னும் சொல்கிறாள். நான் செய்ய மாட்டேன்.

ஆஷ்பர்னிலிருந்து ஒருவர்: இதெல்லாம் ஏசியன் பிள்ளைகளைக் குறைக்கச் செய்த சூழ்ச்சி என்கிறார்கள். கோர்ட்டு என்ன சொன்னது?

எண்களைச் சொல்கிறேன். புதிய முறையின் முதல் ஆண்டான 2021-ல் 3,034 பேர் விண்ணப்பித்து 550 பேருக்கு இடம் வந்தது. ஏசியன் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்து 25-க்கு ஏறினார்கள். பெற்றோர் சிலர் கூட்டணி சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 மே மாதம் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் அதை மாற்றினார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது, இரண்டு நீதிபதிகள் மட்டும் எடுத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். புதிய முறை அப்படியே நிலைத்தது.

என் கருத்து கேட்டால், எனக்கு இதில் இரண்டு மனசு. விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களுக்குப் பிள்ளையின் பெயரோ இனமோ தெரியாது, எண் மட்டும்தான். அந்த வகையில் கைவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அதே நேரம், வாரியத்தார் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகள் வழக்கில் வெளியே வந்தபோது படித்து எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்புறம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு துடைக்கப் போகும் ஒரு அம்மாவின் மகள் புதிய முறையில்தான் உள்ளே போனாள். பழைய முறை இருந்திருந்தால் அவள் விண்ணப்பித்தே இருக்க மாட்டாள்.

ரெஸ்டனிலிருந்து ஒரு அம்மா: மகன் கணக்கில் புலி. ஆனால் தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. என்ன செய்வது?

இதுதான் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெரிய இடறல். தற்பெருமை பேசாதே என்று சொல்லியே வளர்க்கிறோம், அப்புறம் திடீரென்று உன்னைப் பற்றி எழுது என்கிறோம். அந்தப் பதில்களைப் பள்ளியிலேயே, மேற்பார்வையில், நேரம் வைத்து எழுத வேண்டும். நீங்களோ நானோ வீட்டில் உட்கார்ந்து திருத்த முடியாது. அவர்கள் பார்ப்பது கூடி வேலை செய்வது, எடுத்துச் சொல்வது, புதிதாக யோசிப்பது, விழுந்தால் எழுவது போன்ற குணங்களை.

ஒரு பையன் எங்கள் வகுப்பில் பயிற்சிக்காக எழுதினான்: எனக்கு அறிவியல் மிகவும் பிடிக்கும், தொழில்நுட்பத்தில் ஆர்வம் அதிகம். பத்து வரியும் இதே ரகம். மூடி வைக்கச் சொல்லிவிட்டு, போன வாரம் என்ன செய்தாய் என்று கேட்டேன். பாட்டியின் கறிவேப்பிலைச் செடி குளிர்காலத்தில் மஞ்சளடிக்கிறதாம். விளக்கு போட்டுப் பார்த்திருக்கிறான், சரியாகவில்லை. தண்ணீரைக் குறைத்தான், சரியாகவில்லை. தொட்டியைச் சன்னலிலிருந்து தள்ளி வைத்தபின் குருத்து விட்டதாம். பாட்டி மட்டும் இன்றுவரை சாமி கும்பிட்டதால்தான் என்கிறாராம். இதை எழுதுடா என்றேன். இதெல்லாம் எழுதலாமா என்று கேட்டான்!

உங்கள் மகனுக்கும் அப்படி ஒன்று இருக்கும். மனப்பாடக் கட்டுரை மட்டும் வேண்டாம், கேள்வி மாறினால் நடுவழியில் நின்றுவிடுவான். வாரம் ஒரு முறை கடிகாரம் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். அது போதும்.

ஒரு அப்பா: ஆறாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா முடித்தால் கூடுதல் மதிப்பெண்ணா?

தனி மதிப்பெண் கிடையாது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஒன்று இருந்தால் தகுதி வந்துவிடுகிறது. ஆனால் விண்ணப்பிக்கும் பலர் அதற்குமேல் போயிருப்பார்கள் என்பதும் உண்மை. பின்னம் தடுமாறும் பிள்ளையை ஓட விடாதீர்கள்.

சமீபத்தில் சென்னையிலிருந்து வந்தவர்: நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். பிள்ளைக்கு இது தடையா?

இல்லை. குடியிருப்புதான் கணக்கு. குடியேற்ற நிலையைக் காட்டி அரசுப் பள்ளி பிள்ளையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் வேறு. நம்மூர் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதம் வடிவியலோடு கலந்து வரும், அல்ஜீப்ரா ஒன்று என்ற பெயரில் தனிப் பாடமாக இருக்காது. வந்த வாரமே பள்ளி ஆலோசகரைப் பார்த்து, எந்தக் கணக்கு வகுப்பில் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

ஸ்டேட்டன் ஐலண்டிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா: நியூயோர்க்கிலயும் இப்பிடித்தானோ? எங்கட மகளுக்கு சோதினை மட்டும்தான் எண்டு சொல்லுகினம்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே எல்லாம் தலைகீழ். ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக், உங்கள் தீவிலேயே இருக்கும் ஸ்டேட்டன் ஐலண்ட் டெக் உள்ளிட்ட எட்டுப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு தேர்வு மதிப்பெண்தான். ஜிபிஏ, கட்டுரை எதுவும் வேண்டாம். 1971-ல் வந்த மாநிலச் சட்டம் அப்படிக் கட்டிவைத்திருக்கிறது. ஆங்கிலம், கணக்கு இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் காலியாக விட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். மதிப்பெண் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர்கள் எழுதிய விருப்பப் பட்டியலில் இடமிருக்கும் முதல் பள்ளியைக் கொடுப்பார்கள். பட்டியலை உண்மையான விருப்பப்படி எழுதுங்கள், தந்திரம் பண்ணினால் நட்டம்தான். அங்கே பயிற்சிக்கு அர்த்தம் உண்டு.

நேப்பர்வில்லிலிருந்து ஒருவர்: சிகாகோ செலக்டிவ் பள்ளிகளுக்கு நாங்கள் போடலாமா?

முடியாது, அவை சிகாகோ நகரத்துக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான். அங்கே மொத்தம் 900 புள்ளி, ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி, தேர்வுக்குப் பாதி. அதன்பின் நகரத்தின் பகுதிகளை வருமானம், கல்வி பார்த்து நான்கு அடுக்காகப் பிரித்து இடம் ஒதுக்குகிறார்கள். உங்களுக்குப் பக்கத்து ஊர் அரோராவில் ஐஎம்எஸ்ஏ (இல்லினாய் கணித அறிவியல் அகாடமி) இருக்கிறதே! மாநிலம் முழுமைக்குமான அரசு விடுதிப் பள்ளி, பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கும். கோயிலுக்குப் போகும்போது ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

லவுடனிலிருந்து ஒரு அம்மா: டிஜே கிடைக்காவிட்டால்?

உங்கள் கவுன்ட்டியிலேயே லீஸ்பர்க்கில் அகாடமிஸ் ஆஃப் லவுடன் இருக்கிறது. ஒரு நாள் அங்கே, மறுநாள் வீட்டுக்குரிய பள்ளியில். ஆஷ்பர்னிலிருந்து டிஜே பேருந்தில் தினமும் போய்வருவதை நினைத்தால், சில பிள்ளைகளுக்கு இதுவே மேல்.

இளையவனுக்குக் கிடைக்கவில்லை என்ற மின்னஞ்சல் வந்த அன்று அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது பத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வழி உண்டு. சொன்னேன். வேண்டாம் அம்மா, இங்கே ரோபாடிக்ஸ் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்றான்.