சுயக்கட்டுப்பாட்டை வளர்த்துக்கொள்வது எப்படி? ராத்திரியே தார் சுற்றி வையுங்கள்

"விடியற்காலையில் எழுந்து படிக்கணும்னு முடிவெடுக்கிறேன், மூணாம் நாளே விட்டுடறேன். சுயக்கட்டுப்பாடு வர என்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். குரூப் 4 தேர்வுக்குப் படித்த காலம். நாலரைக்கு அலாரம் அடிக்கும், அணைப்பேன், கண் விழித்தால் ஆறரை. அன்று முழுக்க மனசு கனத்துக் கிடக்கும்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். அப்பா குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்பவர். ஆறு மணிக்கெல்லாம் தறிச்சத்தம் கேட்கும். இவருக்கு எங்கிருந்து இவ்வளவு வைராக்கியம் என்று நினைப்பேன். அதில் பாதி முந்தின ராத்திரி வேலை என்று புரிய நாளானது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா ராட்டை முன்னால் உட்கார்ந்து, மறுநாள் துணியில் குறுக்கே ஓடவேண்டிய ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றுவார். அதற்குத்தான் தார் என்று பெயர். சுற்றியதையெல்லாம் அப்பாவின் கை எட்டும் இடத்தில் தட்டில் அடுக்கி வைப்பார். ஊடையைக் குறுக்கே ஓட்டும் நாடாவில் ஒரு தாரைப் போட்டுவிட்டுத்தான் அப்பா படுப்பார். காலையில் குழிக்குள் காலை இறக்கினால் மிதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அதையே நானும் செய்தேன். படுக்கும் முன் ஒரு தனிவட்டிக் கணக்கைப் பாதி போட்டுவிட்டு, பேனாவை நோட்டின் மேலேயே வைத்துவிடுவேன். செல்போன் சமையலறை அலமாரியில். அலாரத்தை அணைக்க அதுவரை நடந்தாக வேண்டும், குழாயும் அங்கேயே. முகம் கழுவி வந்து உட்கார்ந்தால் அரைகுறைக் கணக்கு காத்துக்கொண்டிருக்கும், கை தானாகப் பேனாவை எடுக்கும். 'நாளை நன்றாகப் படிப்பேன்' என்பது வெறும் ஆசை. 'அலாரத்தை அணைத்ததும் அந்தக் கணக்கை முடிப்பேன்' என்பது திட்டம். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் நினைத்ததை அதிகம் முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-லேயே எழுதியிருக்கிறார்.

அடுத்தது, உங்களுடைய அந்த மூணாம் நாள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தன்னியல்பாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம்; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் அவர்கள் கணக்குப் போட்டு மதிப்பிட்டவை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை என்றும் கண்டார்கள்.

நான் ஒரு வாரம் விட்டுவிட்டு இடிந்து உட்கார்ந்திருந்தபோது அப்பா கேட்டார்: "தறியில நீளவாக்குல ஓடுற பாவுல ஒரு இழை அறுந்தா, மொத்தப் பாவையுமா அறுத்துப் போடுவாங்க? அங்கேயே நிறுத்திப் பிணைச்சுட்டுப் போகணும் கண்ணு. பாக்காம ஓட்டுனா துணி நெடுகக் கோடு விழுந்துரும்." ஒரு நாள் தவறலாம், மறுநாள் அஞ்சு நிமிஷமாவது உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு வைத்துக்கொண்டேன். தேர்வில் இரண்டாம் முறை தேறினேன்.

நாலு பழக்கத்தை ஒன்றாகத் தொடங்காதீர்கள், எது உங்களை அதிகம் வருத்துகிறதோ அது ஒன்று போதும். எனக்கு இப்போது அது நடை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் குமரகிரி மலைப்படி ஏறுகிறேன். அம்மா இன்னமும் எட்டரைக்கு ராட்டையை எடுக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் ஷூவையும் தண்ணீர் பாட்டிலையும் வாசல் திண்ணையில் எடுத்து வைத்துவிடுகிறேன்.