கைதட்டி எழுப்பிய நாரைகள்

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் ஓர் அணியாகப் பறவை பார்க்கும் போட்டியில் கலந்துகொண்டோம். அதிக வகைகளைப் பதிவுசெய்யும் அணிக்குப் பரிசு. காஞ்சிரங்குளம், சித்திரங்குடி, மேலச்செல்வனூர் என்று ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயக் கண்மாய்களுக்கு ஓடினோம். சித்திரங்குடியில் மரங்களுக்குள் இருக்கும் பறவைகள் கண்ணுக்குத் தெரியாததால் கைதட்டினோம். மூன்று வகை கூடியது. நண்பர் ஒருவர் தான் மட்டும் பார்த்த பறவையையும் பட்டியலில் சேர்த்ததால் சண்டை. அடுத்த ஆண்டும் இதே அணியில் சேரலாமா? நல்ல பைனாகுலர் எது?

ம., பரமக்குடி

அன்புள்ள ம.,

கண்மாய்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் உட்கார வைத்துவிட்டது. விடியலில் கண்மாய்க்கரையில் நிற்கும் நான்கு பிள்ளைகளை நினைத்தால் மனம் நிறைகிறது. ஆனால் கைதட்டியதை இத்தனை சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது.

தை மாதம் அந்த நாட்டுக்கருவேல மரங்களில் நாரைகள் கூடு வைத்திருக்கும் காலம். மஞ்சள் மூக்கு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கும். நீங்கள் தட்டினால் அது எழும்பிவிடும். குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கைக்கு வழி கிடைக்கும். உங்களுக்கு மூன்று கூடியது. அங்கே பறிபோன குஞ்சை யார் எழுதினார்கள்? இனி ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், மூன்று கண்மாய்களுக்குப் போயும் எதில் எவ்வளவு தண்ணீர் கிடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. என் பெரியப்பா முதுகுளத்தூர் பக்கம் ஒரு கண்மாயில் மடை திறந்துவிடுகிறவர். அவருக்கு எல்லாமே கொக்கு, இல்லாவிட்டால் நாரை. ஆனால் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் நாரை எங்கே இறங்கும் என்று தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகும், மீனும் பெருகும். வயலுக்குப் பாயப் பாயத் தண்ணீர் குறைந்து, அந்த மீனெல்லாம் ஒடுங்கிய நீரில் நெருங்கிக் கிடக்கும். குஞ்சுகளுக்கு இரை அதிகம் வேண்டியதும் அப்போதுதான். ஒரே தண்ணீர் நெல்லையும் விளைவித்தது, நாரைக்கும் சோறு போட்டது. கண்மாய் முன்கூட்டியே வற்றிவிட்டால் நாரை கூட்டை விட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட வருஷங்களில் பெரியப்பா வீட்டில் யாரோடும் பேசமாட்டார்.

சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். 2025-இல் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தால் எந்தப் பட்டியல் தண்ணீர் கொண்டுவரும்? வரத்துக்காலை நடந்து பார்த்த அணிக்கும் மதிப்பெண் கொடுங்கள் என்று போட்டி நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்.

சரி, பைனாகுலர்: 8-க்கு 42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். ஒருவர் மட்டும் பார்த்ததைச் சேர்ப்பதா என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அதற்காக அணியை விடாதீர்கள். மாசியில் நால்வருமாகச் சித்திரங்குடிக்கு மறுபடி போங்கள், கரையிலேயே நில்லுங்கள். மடை திறப்பவர் யாரென்று விசாரித்து, இந்த வருஷம் தண்ணீர் எதுவரை தாங்கும் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.