கடைசி அறைக் கணினிக்கு மட்டும் வைஃபை ஏன் இழுக்கிறது?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை பிடிஓ வீடு (கழகத்திடம் முன்பதிவு செய்து வாங்கிய புது வீடு). இணையத் திட்டம் 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ். கூடத்தில் கைப்பேசியில் 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டுகிறது. மகன் அறையில் இருக்கும் மேசைக் கணினியில் 30ஐத் தாண்டுவதில்லை. 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கூடத்தில் 500 வருகிறதென்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை. மாதாமாதம் கூடுதல் வெள்ளி கட்டினாலும் அந்த அறையில் அதே 30தான் வரும்.

முதலில் கணினிப் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். வைஃபை உள்ள மதர்போர்டு (கணினியின் முதன்மைப் பலகை) வாங்கினால் ஆன்டெனாக்கள் தனிப் பையில் வரும். அதைத் திருகாமல் அட்டைப்பெட்டியோடு அலமாரியில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய. ஆன்டெனா இல்லாமலும் வைஃபை எப்படியோ இணைந்துவிடும், அதனால் சந்தேகமே வராது. என் மைத்துனர் வீட்டில் ஒரு வருடம் இப்படித்தான் ஓடியது! திருகியிருந்தாலும், பெட்டி மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி நின்றால் ஆன்டெனாவுக்கு முன்னால் இரும்பு, பின்னால் கான்கிரீட். ஒயர் வைத்த ஆன்டெனா வாங்கி மேசைமேல் வையுங்கள். யூஎஸ்பி வைஃபை என்றால் நீட்டிப்பு ஒயர் போட்டு வெளியே இழுங்கள். பக்கத்தில் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் தள்ளி வையுங்கள், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும்.

அடுத்து, கணினி எந்த அலைவரிசையில் இருக்கிறது? விண்டோஸில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் தெரியும். 2.4 என்றிருந்தால் பாதிக் காரணம் அதுதான். அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் மேலே, கீழே, இருபக்கமும் உள்ள அத்தனை ரௌட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. ரௌட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து, கணினியை அதில் மட்டும் இணையுங்கள். அந்தப் பெயர் கணினியில் தென்படவே இல்லையென்றால் பெரும்பாலும் வைஃபை கார்டு பழசு. அதை மாற்றத்தான் வேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு, கனமான சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். உங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் (தடித்த சுவர் வைத்த பாதுகாப்பு அறை) எங்கே இருக்கிறது? ரௌட்டருக்கும் மகன் அறைக்கும் நேர்க்கோட்டில் அது குறுக்கிட்டால், கம்பி கட்டிய தடித்த கான்கிரீட்டைத் தாண்டித்தான் அலை போக வேண்டும். ரௌட்டர் அதற்குள்ளேயே இருந்தால் சொல்லவே வேண்டாம். ரௌட்டரை ஓரிரு மீட்டர் நகர்த்திப் பாருங்கள், டிவி பின்னாலிருந்தும் வெளியே எடுங்கள். ஷெல்டர் சுவரைத் துளைத்து ஒயர் இழுக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அதற்கு அனுமதி கிடையாது.

என்னைக் கேட்டால், மேசைக் கணினிக்கு வைஃபையே தேவையில்லை. புதிய பிடிஓ வீடுகளில் படுக்கையறைச் சுவரிலும் இணையக் கேபிள் செருகும் லேன் சாக்கெட் இருக்கும். அலமாரி மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரௌட்டர் பக்கமும் கணினி பக்கமும் கேபிள் செருகினால் வேலை முடிந்தது. அப்படியும் 90 சொச்சத்தில் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் வேகம் பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும்.

சாக்கெட் இல்லையென்றால் மெஷ் (வைஃபையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் பெட்டிகள்) வாங்கலாம். ஆனால் இரண்டாவது பெட்டியை மகன் அறைக்குள் வைக்காதீர்கள், பாதி வழியில் நடையில் வையுங்கள். அதற்கே சிக்னல் கிடைக்காத இடத்தில் வைத்தால் அது எதைக் கடத்தும்?